வெண்பட்டு ஆறு கறுத்த கதை

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் விசித்திரமான காட்சி ஒன்று காணப்பட்டது. சீனாவிலிருந்து வந்திறங்கிய 7 கோடிக்கு மேற்பட்ட ஆடைகள் சுங்கப் பண்டகசாலைகளில் முடங்கிக் கிடந்தன. கம்பளிச் சட்டைகளும் காற்சட்டைகளும் அவற்றுள் இருந்தன. பெண்கள் அணியும் மார்க்கச்சைகளும் இருந்தன. உலக ஆடை வர்த்தகத்தைப் பல்லாண்டுகளாகக் கட்டுப்படுத்தி வந்த கோட்டா முறை அவ்வாண்டின் முதல் நாளோடு ஒழிந்தது. சீனப் பண்டங்கள் மடை திறந்த வெள்ளம்போற் பாய்ந்தன. அஞ்சிய ஐரோப்பிய ஒன்றியம் யூன் மாதத்திற் புதிய வரம்புகளை விதித்தது. சில வாரங்களுக்குள் அவ்வரம்புகளும் நிரம்பி வழிந்தன. பத்திரிகைகள் இதனை ‘மார்க்கச்சைப் போர்’ என்று நகையாடின. செப்ரெம்பர் மாதத்தில் ஐரோப்பிய வர்த்தக ஆணையாளர் பீற்றர் மண்டெல்சன் பெய்ஜிங் சென்று உடன்பாடு கண்டார். பண்டகசாலைக் கதவுகள் திறந்தன; போரும் ஓய்ந்தது.

அப்போரில் இரு தரப்பாரும் பேசியவை விலையும் வேலைவாய்ப்புமே. ஐரோப்பியத் தொழிலாளியின் வேலை பறிபோகின்றது என்றனர் ஒரு சாரார். நுகர்வோருக்கு மலிவான ஆடை வேண்டும் என்றனர் மறு சாரார். ஆனால், அவ்வாடைகள் பிறந்த ஊர்களில் ஆறுகள் எந்த நிறத்தில் ஓடுகின்றன என்று அன்று கேட்டவர் மிகச் சிலரே. இன்று அக்கேள்வி எழுந்துள்ளது. சீன அரசாங்கமே அதனைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றது. ‘சூழலுக்கு இசைந்த உற்பத்தி’ என்னும் சொற்றொடர் இன்று சீன உள்ளாடைத் தொழிலதிபர் ஒவ்வொருவரின் விளம்பரத்திலும் இடம்பெறுகின்றது. அச்சொற்றொடருக்குப் பின்னால் உண்மை எவ்வளவு, ஒப்பனை எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளாடையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என முகஞ் சுளிப்போரும் இருக்கக்கூடும். உலகின் சரிபாதி மக்கள் நாள்தோறும் உடுத்தும் ஒரு பொருள், பல இலட்சம் பெண்களின் உழைப்பால் உருவாகும் ஒரு பொருள், ஓர் ஆற்றின் விதியையே நிர்ணயித்த ஒரு பொருள், வெட்கத்தின் காரணமாக ஆராய்ச்சிக்குப் புறம்பாக நிற்பது முறையன்று.

ஊசி முனையில் வளர்ந்த ஊர்கள்

தென்சீனத்தில், குவாங்டொங் மாகாணத்தின் கிழக்குக் கரையில் அமைந்தது ஷாந்தோ நகரம். பழைய ஆங்கில நூல்கள் இதனைச் சுவாத்தோ என்று குறிக்கும். 1860ஆம் ஆண்டில் அந்நியர் வர்த்தகத்துக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் இது. இங்கிருந்துதான் தியோச்சியூ மொழி பேசும் சீனர் சீயத்துக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். ஆண்கள் கடல் கடந்து போக, வீட்டில் இருந்த பெண்கள் ஊசியெடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறித்தவ மிஷன் பெண்மணிகள் அங்கு ரேந்தை வேலையையும் துணியில் இழை பிரித்துப் பின்னும் வேலையையும் கற்றுக்கொடுத்தனர். சுவாத்தோக் கைக்குட்டைகளும் மேசை விரிப்புகளும் மேல்நாட்டுச் சந்தைகளிற் பெயர் பெற்றன.

1980ஆம் ஆண்டில் ஷாந்தோ சீனத்தின் முதல் நான்கு விசேட பொருளாதார வலயங்களுள் ஒன்றாகத் தெரிவு செய்யப்பட்டது. பழைய ஊசி புதிய இயந்திரமாயிற்று. நகரை அடுத்த சாவோயாங், சாவோநான் மாவட்டங்களில் குராவோ, சென்டியன் முதலிய சிற்றூர்கள் உள்ளாடை தைக்கும் ஊர்களாக மாறின. வீட்டின் கீழ்த்தளத்தில் தையல் இயந்திரங்கள், மேல்தளத்திற் குடும்பம், அடுத்த தெருவில் சாயப் பட்டறை, அதற்கடுத்த தெருவில் நாடாவும் கொளுக்கியும் செய்வோர். இவ்வாறு ஒரு பொருளின் உறுப்புகள் யாவும் ஓரூருக்குள்ளேயே கிடைத்தன. 2016ஆம் ஆண்டுச் செய்திகளின்படி குராவோ என்ற அந்த ஒரேயோர் ஊரில் ஆண்டொன்றுக்கு 35 கோடி மார்க்கச்சைகளும் 43 கோடி ஏனைய உள்ளாடைகளும் உற்பத்தியாயின.

குராவோ தனித்து நிற்கவில்லை. அதே மாகாணத்தின் பொஷான் நகரைச் சார்ந்த யான்பு, ஜியாங்சு மாகாணத்தின் குவான்யுன் மாவட்டம் எனப் பல இடங்களில் இத்தொழில் வேரூன்றியிருக்கின்றது. ஆயினும், தொழிலின் செழிப்பையும் அதன் கேட்டையும் அதன் பரிகாரத்தையும் ஒருங்கே காண விரும்புவோர் குராவோவுக்கே செல்லுதல் வேண்டும். ஏனெனில் அவ்வூர் ஓர் ஆற்றுப் படுகையிற் கிடக்கின்றது.

அந்த ஆற்றின் பெயர் லியன் ஜியாங். லியன் என்பது வெளுத்த பட்டுத் துணியைக் குறிக்கும் சொல். வளைந்து வளைந்து ஓடும் ஆறு, விரித்துப் போட்ட வெண்பட்டு நாடாபோலத் தோன்றியமையால் முன்னோர் இப்பெயரிட்டனராம். பூனிங்கில் தோன்றி, சாவோநான், சாவோயாங் மாவட்டங்களைக் கடந்து, ஹைமென் குடாவிற் கடலோடு கலக்கும் இவ்வாறு 71 கிலோமீற்றர் நீளமேயுடையது. ஆனால் அதன் படுகையில் வாழ்வோர் 40 இலட்சத்துக்கு மேற்பட்டவர்.

ஒரு மார்க்கச்சையின் உடற்கூறு

ஆறு கறுத்தமைக்குக் காரணம் விளங்க வேண்டுமாயின், முதலில் அப்பொருளின் உடற்கூற்றை அறிதல் வேண்டும். கைக்குள் அடங்கும் இச்சிறு ஆடையில் 20 முதல் 40 வரையான உறுப்புகள் உள்ளன. முகத்துணி, உட்துணி, ரேந்தை, தோள்நாடா, மீள்நாடா, நுரைக் கிண்ணம், உருக்குக் கம்பி, கம்பியைப் பொதியும் உறை, கொளுக்கி, வளையம் என அவை விரியும். சேலை ஒன்றை நூல், சாயம் என்ற இரண்டு சொற்களால் விளக்கிவிடலாம். மார்க்கச்சையை அவ்வாறு விளக்க முடியாது.

இவ்வுறுப்புகள் ஒரே இழையால் ஆனவையல்ல. துணியும் ரேந்தையும் பெரும்பாலும் நைலோன்; நாடாவில் பொலியெஸ்தர்; நீட்சி கொடுப்பது ஸ்பான்டெக்ஸ் என்னும் இழை; கிண்ணம் பொலியூரதேன் நுரை. ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அனைத்தும் ஒரே நிறமாகத் தோன்ற வேண்டும். இங்கேதான் சாயக்காரனின் சங்கடம் தொடங்குகின்றது. நைலோன், அமிலச் சாயத்தைக் கொதிநிலையை அண்டிய வெப்பத்தில் ஏற்கும். பொலியெஸ்தரோ வேறு வகைச் சாயத்தை, அழுத்தத்தின் கீழ், 130 பாகை வெப்பத்திலேயே ஏற்கும். ரேந்தையின் சிவப்பும் நாடாவின் சிவப்பும் சிறிது வேறுபட்டாலும் வாங்கும் நிறுவனம் சரக்கைத் திருப்பிவிடும். அப்போது சாயத்தை நீக்கி மீண்டும் தோய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய நீர், புதிய நீராவி, புதிய கழிவு.

பழைய வகைத் தோய்ப்புத் தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்கு ஒரு முறை தோய்க்க 20 லீற்றருக்கு மேற்பட்ட நீர் தேவைப்படும். துணியை அலம்புவதற்கு மீண்டும் மீண்டும் நீர் வேண்டும். நீராவிக்காக ஒவ்வொரு பட்டறையிலும் நிலக்கரி எரியும் கொதிகலன் ஒன்று புகை கக்கும். நைலோனுக்கு ஊட்டும் கடும் நிறச் சாயங்கள் சிலவற்றில் குரோமியம், செம்பு முதலிய உலோகங்கள் சாயத்தின் அமைப்பிலேயே கலந்திருக்கின்றன. துணியிற் பற்றாது எஞ்சியவை நீரோடு போகும். அந்நீர் எங்கே போகும்? அருகில் இருக்கும் வாய்க்காலுக்கு; வாய்க்காலிலிருந்து லியன் ஜியாங்குக்கு.

ஆறு கறுத்தது

2010ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் என்னும் சர்வதேச இயக்கம் குராவோவிலும், ஜீன்ஸ் காற்சட்டைக்குப் பெயர்போன சின்தாங் என்ற ஊரிலும் நீரையும் சேற்றையும் எடுத்துச் சோதித்தது. 21 மாதிரிகளில் 17இல் கட்மியம், குரோமியம், பாதரசம், ஈயம், செம்பு ஆகிய பார உலோகங்கள் காணப்பட்டன. சின்தாங்கில் எடுக்கப்பட்ட சேற்று மாதிரி ஒன்றில் கட்மியத்தின் அளவு சீன அரசாங்கமே விதித்த எல்லையைப்போல் 128 மடங்காயிருந்தது.

நியாயமாகப் பேசுமிடத்து, லியன் ஜியாங்கின் கறையெல்லாம் உள்ளாடைத் தொழிலின் தலையிற் சுமத்தத்தக்கதன்று. குராவோவுக்கு அண்மையிலுள்ள குய்யூ என்ற ஊர், உலகெங்குமிருந்து வந்த பழைய கணனிகளையும் தொலைபேசிகளையும் உடைத்து உலோகம் பிரிக்கும் தொழிலுக்குப் பேர்போனது. அமிலத்திற் கரைத்த உலோகக் கழிவு அங்கிருந்தும் இதே ஆற்றிற் சேர்ந்தது. 40 இலட்சம் மக்களின் வீட்டுக் கழிவும் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே கலந்தது. எனினும், சாயப் பட்டறைகள் ஆற்றின் பெரும் பகைவருள் முன் வரிசையில் நின்றன என்பதை மறுப்பார் எவருமிலர்.

சீனத்தில் நீரின் தரத்தை 1 முதல் 5 வரையான ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பர். மூன்றாம் வகுப்பு வரையுள்ள நீரே குடிநீருக்கு மூலமாகத் தக்கது. ஐந்தாம் வகுப்பு, வயலுக்குப் பாய்ச்சுவதற்கு மட்டுமே. லியன் ஜியாங்கின் நீர் பல்லாண்டுகளாக ஐந்தாம் வகுப்புக்கும் கீழே கிடந்தது. வெண்பட்டு என்று பெயர் பெற்ற ஆறு, பட்டுக்கும் துணிக்கும் ஏற்றிய சாயத்தினாலேயே கறுத்தது.

திட்டங்கள் இல்லாமலில்லை. திட்டங்கள் எழுதப்பட்டன, திகதிகள் குறிக்கப்பட்டன, திகதிகள் கடந்தன. உள்ளூர் அதிகாரிகளுக்கு வரி தந்த தொழிலை அவர்களே மூடுவார்களா? 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் சூழற் பரிசோதகர் குழு மீண்டும் வந்தது. முன்னர் சுட்டிக்காட்டிய குறைகள் நீங்காதிருப்பதைக் கண்டு சினங்கொண்ட அக்குழு, சீன நிருவாகத்தில் அபூர்வமான ஓர் ஆலோசனையைப் பகிரங்கமாக வெளியிட்டது. நகரத் தலைவர்கள் தாமே நாறும் ஆற்றங்கரைக்குச் சென்று, அங்குள்ள மக்களோடு குடியிருக்க வேண்டும். நீரின் கறுப்பும் நாற்றமும் நீங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பதே அது. நூறு அறிக்கைகள் செய்யாததை இவ்வொரு வாக்கியம் செய்தது எனலாம்.

பூட்டப்பட்ட பட்டறைகள்

2019ஆம் ஆண்டு பிறந்தபோது சாவோயாங், சாவோநான் மாவட்டங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட சாயத் தொழிற்சாலைகள் பூட்டப்பட்டன. அவற்றுக்கென அமைக்கப்பட்ட பொதுப் பேட்டைகளுக்குப் போவோர் தொழிலைத் தொடரலாம். போக இயலாதோர் தொழிலை விட வேண்டும். பேட்டையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கொதிகலன் இல்லை. நீராவி ஒரே மையத்திலிருந்து குழாய் வழி வரும். கழிவுநீரும் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். நூறு வாய்க்கால்களைக் காவல் காப்பது அரிது. ஒரு குழாயின் வாயைக் காவல் காப்பது எளிது. இதுவே அம்முறையின் அடிப்படைத் தத்துவம்.

விளைவு கண்கூடாகத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆற்றின் நீர் ‘ஐந்துக்கும் கீழ்’ என்ற நிலையினின்றும் மேலேறியது. வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் பெருஞ் செலவில் அமைக்கப்பட்டமையும் இதற்குத் துணை செய்தது. கறுத்த நீரில் மீண்டும் நிறம் தெளிந்தது உண்மை. அந்நீர் குடிக்கத்தக்கதாகிவிட்டது என்று எண்ணுவது தவறு.

இவ்விடத்தில் சட்டத்தின் பங்கையும் கூற வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய சூழற் பாதுகாப்புச் சட்டம், குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டப் பணம் கூடிக்கொண்டே போகும் முறையை ஏற்படுத்தியது. முன்பெல்லாம் தண்டத்தைக் கட்டிவிட்டுக் கழிவை ஊற்றுவதே இலாபமாயிருந்தது. கணக்கு இப்போது மாறியது. 2018ஆம் ஆண்டில் சூழல் வரியும் வந்தது.

சட்டத்தோடு தகவலும் சேர்ந்தது. மா ஜுன் என்னும் பத்திரிகையாளர் 2006ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் ஒரு சிறு நிறுவனத்தை அமைத்தார். அரசாங்க அலுவலகங்களே பதிவு செய்த மாசுக் குற்றங்களைத் திரட்டி, தேசப்படத்திற் குறித்து, எவரும் பார்க்கும்படி வெளியிட்டார். எங்கள் சரக்கு எங்கிருந்து வருகின்றது என்பது எமக்குத் தெரியாது என்று கைகழுவி வந்த மேல்நாட்டு வர்த்தக நிறுவனங்களுக்கு அச்சாட்டு இனிச் செல்லாதாயிற்று. படத்தைப் பார்த்தால் தெரியுமே! தீயிட்டுக் கொளுத்தாமலும் கோஷமிடாமலும் செய்யப்பட்ட இவ்வேலை, சீனத்தின் தொழிற் சூழலிற் பெரும் மாற்றத்துக்கு வித்திட்டது.

கண்ணுக்குத் தெரியாத புகை

ஆற்றுநீர் கறுத்தால் கண் காணும். கண் காணாத கேடும் உண்டு. அதுபற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை.

நைலோன் 66 என்னும் வகையையும், பொலியூரதேனின் சில வகைகளையும் செய்வதற்கு அடிப்பிக் அமிலம் என்ற பொருள் வேண்டும். உலகில் இதனை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு சீனா. இவ்வமிலத்தைச் செய்யும்போது நைதரசு ஒட்சைட்டு என்ற வாயு பிறக்கின்றது. ஒரு தொன் அமிலத்துக்கு ஏறத்தாழ 300 கிலோ வாயு. பூமியை வெப்பமாக்கும் ஆற்றலில் இவ்வாயு காபனீரொட்சைட்டைப்போல் 273 மடங்கு வல்லது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு தொன் அமிலம், அதன் வாயுவை அழிக்காது விட்டால், 80 தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமமான கேட்டைச் செய்யும்.

இவ்வாயுவை வெப்பத்தாலும் ஊக்கிகளாலும் அழிக்கும் முறை கடினமானதன்று. நூற்றுக்கு 95 வீதத்துக்கு மேல் அழித்துவிடலாம். கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் இதற்குப் பணம் கிடைத்தபோது சீனத்தின் இரு தொழிற்சாலைகள் அவ்வாறே செய்தன. ஆனால் கிடைத்த பணம் செலவைவிடப் பன்மடங்காயிருந்தமையால், அமிலத்தைவிட வாயுவை அழிப்பதே ஆதாயமான தொழிலாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பற்றுச்சீட்டுகளைத் தன் சந்தையில் ஏற்க மறுத்தது. பணம் நின்றால் வாயுவை அழிக்கும் வேலையும் நிற்குமன்றோ? சந்தை விலையை மட்டும் நம்பிச் சூழலைக் காக்க முற்படுவதன் அபாயத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஸ்பான்டெக்ஸ் இழையின் கதையும் இத்தகையதே. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் யோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இவ்விழையில் இன்று பாதிக்கு மேல் சீனாவிலேயே செய்யப்படுகின்றது. இதனை நூற்பதற்கு டைமெதைல் அசற்றமைட்டு என்ற கரைப்பான் தேவை. அது கல்லீரலைத் தாக்கவல்லது. நல்ல தொழிற்சாலையில் அதனை மூடிய சுற்றுக்குள் மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்துவர். மீட்டெடுப்பது சூழலுக்கும் நல்லது, தொழிலாளியின் உடலுக்கும் நல்லது, முதலாளியின் பணப்பைக்கும் நல்லது. மூன்று நலன்களும் ஒருங்கே கூடும் இடத்தில் முன்னேற்றம் விரைவாக நிகழ்கின்றது. அவை முரண்படும் இடத்திலேயே சட்டத்தின் கை தேவைப்படுகின்றது.

குப்பையின் கணக்கு

தைத்த பின்னரும் கதை முடிவதில்லை. நுரைத்தாளைச் சூடான அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கும்போது, கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் எஞ்சும் துண்டுகள் கழிவாகின்றன. நைலோனும் நுரையும் பசையும் ஒன்றோடொன்று ஒட்டிய அத்துண்டுகளைப் பிரித்தெடுத்தல் அரிது. பழைய மார்க்கச்சையும் அத்தகையதே. 40 உறுப்புகளைத் தைத்துச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும். அவற்றைப் பிரிக்க அதனினும் கூடிய நேரம் வேண்டும். எந்த முதலாளி அதற்குக் கூலி கொடுப்பான்?

2022ஆம் ஆண்டில் சீன அரசாங்கம் பழந்துணிகள் பற்றி ஓர் இலக்கை அறிவித்தது. 2025ஆம் ஆண்டளவில் பழந்துணியில் நூற்றுக்கு 25 வீதம் மீள்பயனுக்கு வர வேண்டும். 20 இலட்சம் தொன் மீள் இழை உற்பத்தியாக வேண்டும். 2030ஆம் ஆண்டில் இவை முறையே 30 வீதமாகவும் 30 இலட்சம் தொன்னாகவும் உயர வேண்டும். இலக்கு வரவேற்கத்தக்கது. ஆயினும், இன்று கடைகளில் ‘மீள்சுழற்சி இழை’ என்ற சீட்டோடு விற்கும் ஆடைகளுட் பெரும்பாலானவை பழைய ஆடையிலிருந்து வந்தவையல்ல. பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து வந்தவை. போத்தலை மீண்டும் போத்தலாக்கலாம். போத்தலை ரேந்தையாக்கி, ரேந்தையை நுரையோடு ஒட்டிவிட்டால், அடுத்த முறை அது குப்பைக்கே போகும். சீட்டு பொய் கூறவில்லை; ஆனால் முழுக் கதையையும் கூறவில்லை.

பயன் தரும் மாற்றங்களும் நிகழாமலில்லை. ஒரு கிலோ துணிக்கு ஐந்தாறு லீற்றர் நீரோடு தோய்க்கும் புதிய இயந்திரங்கள் பழைய தொட்டிகளின் இடத்தைப் பிடிக்கின்றன. கழிவுநீரின் வெப்பத்தை மீட்டுப் புது நீரைச் சூடாக்குகின்றனர். இழையை நூற்கும்போதே சாயத்தைக் கலந்துவிடும் முறையால் தோய்க்கும் வேலையே சில நிறங்களுக்கு வேண்டாததாகின்றது. ஒட்டுத் தையலின்றி ஒரே துண்டாகப் பின்னும் இயந்திரங்கள் வெட்டுக் கழிவைக் குறைக்கின்றன. இவை யாவும் ஆரவாரமற்றவை. விளம்பரப் படத்தில் அழகாகத் தோன்றாதவை. உண்மையான சிக்கனம் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேதான் இருக்கின்றது.

யார் தலையிற் செலவு?

இனி, முக்கியமான வினாவுக்கு வருவோம். ஆற்றைச் சுத்தமாக்கிய செலவை ஏற்றவர் யார்?

பேட்டைக்குட் செல்லப் பணம் வேண்டும். புதிய இயந்திரம், இடத்துக்கு வாடகை, நீராவிக்கு விலை, கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கட்டணம். பெரிய முதலாளி கடன் வாங்கிச் சென்றான். சிறிய பட்டறைக்காரன் தன் உரிமத்தை விற்றான், அல்லது கதவை மூடினான். ஹுனானிலிருந்தும் சிச்சுவானிலிருந்தும் குவெய்சோவிலிருந்தும் வந்து துண்டுக்கு இவ்வளவென்று கூலி பெற்ற தொழிலாளர் வேறிடம் தேடினர். ஆறு அழுக்கானபோது அதன் கரையில் வாழ்ந்தவர் இவர்களே. ஆறு சுத்தமாகத் தொடங்கியபோது வேலையிழந்தவரும் இவர்களே. ஆற்றைச் சுத்தமாக்கியது தவறென்று இதனாற் பொருள்படாது. சுத்தமாக்கும் பணி இருபது ஆண்டுகளுக்கு முன்னரே படிப்படியாக நடந்திருப்பின் இத்துணை வலி இருந்திராது என்பதே பொருள். தாமதத்தின் வட்டியை எப்போதும் எளியவரே செலுத்துகின்றனர்.

மார்க்கச்சையை வாங்கும் மேல்நாட்டு நிறுவனம் செலவில் எவ்வளவு ஏற்றது? சுத்தமான சாயத்தைக் கேட்டது; சோதனை அறிக்கை கேட்டது; பசுமைச் சான்றிதழ் கேட்டது. கூடவே சென்ற ஆண்டைவிடக் குறைந்த விலையையும் கேட்டது. சீனத்திற் கூலியும் கட்டுப்பாடும் உயர்ந்ததும் வியட்நாமை நோக்கிப் பார்வையைத் திருப்பியது. ஹொங்கொங்கைச் சேர்ந்த பெரிய உள்ளாடை உற்பத்தியாளர் ஒருவர் 2016ஆம் ஆண்டு முதல் வியட்நாமின் ஹைபோங் நகரில் வரிசையாகத் தொழிற்சாலைகளைத் திறந்தார். தொழில் இடம்பெயர்வது குற்றமன்று. ஆனால் கட்டுப்பாடு குறைந்த இடத்தைத் தேடியே தொழில் நகர்ந்துகொண்டிருக்குமாயின், உலகம் ஓராற்றைக் கழுவி மற்றோராற்றை அழுக்காக்குகின்றது என்றே கூற வேண்டும்.

உழைப்பின் நிலையை விலக்கிவிட்டுச் சூழலைப் பேசுவதும் இன்று இயலாது. பருத்தி உள்ளாடைக்கான பஞ்சில் மிகப்பெரும் பகுதி சீனத்தின் சிஞ்சியாங் பிரதேசத்திலிருந்தே வருகின்றது. அங்கு உய்குர் மக்கள் வலிந்து வேலையில் ஈடுபடுத்தப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டின் பேரில், அப்பிரதேசத்தோடு தொடர்புடைய பண்டங்களைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 2022ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் அமுல்படுத்தியது. குற்றச்சாட்டைச் சீன அரசாங்கம் மறுக்கின்றது. எவ்வாறாயினும், துணியின் நூல் எந்த வயலில் விளைந்தது என்பதை இனி எவரும் மறைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024ஆம் ஆண்டிற் புதிய ஒழுங்குவிதியை இயற்றியது. விற்காமல் எஞ்சிய ஆடைகளைப் பெரு நிறுவனங்கள் அழிப்பதை 2026ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி முதல் அது தடை செய்கின்றது. அளவுக்கு மீறிச் செய்து, மீதியை எரித்துவிடும் வழக்கத்தின் மீது விழுந்த ஓர் அடி அது. 2005ஆம் ஆண்டில் எண்ணிக்கையை மட்டும் எண்ணிய ஐரோப்பா, பொருளின் பிறப்பையும் இறப்பையும் கேட்கும் நிலைக்கு வந்திருக்கின்றது.

நமக்கு இதில் என்ன?

இலங்கையும் உள்ளாடை தைத்து உலகுக்கு அனுப்பும் நாடு. இத்துறையில் நமக்கு நற்பெயரும் உண்டு. 2008ஆம் ஆண்டில் துல்கிரியாவில், உள்ளாடை தைப்பதற்கென்றே, புல் வேய்ந்த கூரையும் நீராவியாற் குளிரூட்டும் அமைப்புங் கொண்ட தொழிற்சாலையொன்று கட்டப்பட்டது. அதே ஆண்டில் சீதுவையில் பழைய தொழிற்சாலையொன்று திருத்தியமைக்கப்பட்டு, பசுமைக் கட்டடங்களுக்கான மிக உயர்ந்த சர்வதேசத் தரத்தைப் பெற்றது. இவை பெருமைக்குரியனவே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தையல் என்பது இத்தொழிலின் சுத்தமான பகுதி. சாயமும் இழையுமே அதன் அழுக்கான பகுதிகள். நாம் தைக்கும் துணியிற் பெரும் பங்கை இறக்குமதி செய்கின்றோம். சீனா அதன் முக்கிய மூலங்களுள் ஒன்று. குளிர்ந்த காற்று வீசும் மண்டபத்தில் நம் சகோதரியர் தைக்கும் ரேந்தையின் சாயம் எந்த ஆற்றைக் கடந்து வந்தது என்ற கேள்வி, கூரையிற் புல் வளர்ப்பதால் மறைந்துவிடாது. அவ்வாறே, நாளை சாயத் தொழில் இங்கு வருமாயின், ஆற்றங்கரை தோறும் சிதறவிட்டுப் பின்னர் பூட்டுவதா, முதலிலேயே ஓரிடத்திற் சேர்த்து ஒரு குழாயைக் காவல் செய்வதா என்பதற்கு லியன் ஜியாங் விடை தந்திருக்கின்றது. முப்பது ஆண்டுகளும் ஓர் ஆறும் செலவிட்டுச் சீனா கற்ற பாடத்தை நாம் பத்திரிகை வாசித்தே கற்றுக்கொள்ளலாம்.

சீனத்தின் உள்ளாடைத் தொழில் சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. சுத்தமாகத் தொடங்கியிருக்கின்றதா என்று கேட்டால், ஆம் என்பதே விடை. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கில் அரைவாசி வழி வந்திருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கின்றது. அம்மாற்றத்தைக் கொண்டுவந்தவை ஆடையிற் தொங்கும் பசுமைச் சீட்டுகளல்ல. நாளுக்கு நாள் ஏறிய தண்டமும், எவரும் பார்க்கத்தக்க தேசப்படமும், நாறும் கரையிற் போய்க் குடியிருங்கள் என்று அதிகாரிகளுக்கு இட்ட கட்டளையுமே அதனைக் கொண்டுவந்தன.

ஆகவே, இத்தொழிலின் பசுமையை அளக்க விரும்புவோர் சீட்டை வாசிப்பதோடு நின்றுவிடாமல், ஹைமென் குடாவில் அந்த ஆறு கடலோடு கலக்கும் இடத்தை ஆண்டுதோறும் சென்று பார்த்தல் வேண்டும். அங்கு ஓடும் நீருக்கு வெண்பட்டு என்ற பழைய பெயர் மீண்டும் பொருந்தும் நாளிலேயே, குராவோவில் தைத்த ஆடையைக் கறையற்றது என்று நாம் சொல்லலாம்.